நத்தை தின்னும் நாரையும் நத்தை பொறுக்கும் பெரியம்மாவும்

ஒரு மனுவில் கையெழுத்துப் போட மறுத்திருக்கிறேன். ஏன் என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. ஆகவே மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையில் உள்ள ஒரு கண்மாயைப் பறவைகள் சரணாலயமாக அறிவிக்க வேண்டும். சுற்றி வேலி போட வேண்டும். உள்வாயில் ஆட்கள் இறங்குவதையும், நத்தை, மீன், கோரை எடுப்பதையும், ஆடு மாடு மேய்ப்பதையும் தடை செய்ய வேண்டும். இதுதான் மனு. கண்மாயின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அங்கே நத்தை பொறுக்கும் பெண்கள் யார் யார் என்பது இரண்டே நாளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவர்களில் ஒருவர் எனக்குப் பெரியம்மா முறை.

மனு எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னோடு சேர்ந்து பறவை பார்க்கிறவர்கள்தான். ஐப்பசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் பதினான்கு பேர் கூடி, ஒரு வேனில் புறப்பட்டோம். மேற்கே மலையில் மழை பெய்து, வரத்துக்காலில் தண்ணீர் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. கண்மாயில் பாதி சேறு, பாதி தண்ணீர். வலசை வருகிற உள்ளான்களுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. கண்மாய் பெருகி மறுகால் பாய்ந்துவிட்டால் வாத்துகளுக்குத்தான் கொண்டாட்டம். குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடமிருக்காது. அன்றைக்குச் சேற்றில் பொரி உள்ளான், கொசு உள்ளான், மஞ்சள் வாலாட்டி. தள்ளித் தண்ணீரில் நீலச்சிறகி வாத்துகள். மின்கம்பி முழுக்கத் தகைவிலான். ஒரு சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்ததும் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பி, திரும்பி, வெயிலில் மின்னி, மறுபடி இறங்கின. ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள பொரி உள்ளான், வடக்கே சைபீரியச் சதுப்புகளில் பிறந்து, சுமார் 30 நாடுகளுக்கு மேலாக விரிந்து கிடக்கும் மத்திய ஆசிய வலசைப் பாதையில் வந்து, எங்கள் ஊர்ச் சேற்றில் காலூன்றுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி எழுதுவதைப் படித்துவிட்டு, 'இவளுக்குப் பறவைகள் மேல் அக்கறை இல்லை' என்று யாராவது சொல்வார்கள்.

எங்களுக்கு வழிகாட்ட வந்த தாத்தா, அந்தக் கண்மாயின் நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை தண்ணீர் என்று பிரித்துவிடுவதும், மழை ராத்திரியில் கரை கசிகிறதா என்று சுற்றி வருவதும் நீர்ப்பாய்ச்சியின் வேலை. தென்மாவட்டங்களில் பெரும்பாலும் எங்கள் மக்கள் தலையில் விழுந்த வேலை. அறுவடையில் சில மரக்கால் நெல் கூலி. தண்ணீர் பிரித்தவருக்குப் பல ஊர்களில் பாய்ச்ச ஒரு குழி நிலம் இருந்ததில்லை. தாத்தா பைனாகுலரைத் தொடவே இல்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் பொடிசு நிக்கிற எடத்துல தண்ணி வெரக்கடைதான். நெடுங்கால்காரன் நிக்கிறது சாண் தண்ணி. நாரை நிக்கிறது மொழங்கால். அதுக்கு அங்கிட்டு வாத்து நீந்துது, அங்கன எறங்காதீக, பள்ளம்." பறவையின் காலை அளவுகோலாக வைத்துக் கண்மாயின் ஆழத்தை அவர் படித்துவிட்டார். எல்லோரும் அசந்துபோய்க் கேட்டார்கள். அன்று மதியம் எங்கள் பட்டியல் இ-பேர்டில் ஏறியது. பார்வையாளர்கள் பதினான்கு பேர். தாத்தாவின் பெயர் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, அவருக்கு அதில் கணக்கு இல்லையே என்றார்கள்.

காலைச் சாப்பாடு கண்மாயின் மீன்பாசி ஏலம் எடுத்தவரின் தோப்பில். இட்லி, சட்னி, கேசரி. தாத்தா தன் இலையை வாங்கிக்கொண்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. ஏலதாரரின் மகன், இருபத்தைந்து வயது இருக்கும், அவரைப் பேர் சொல்லி "இந்தா, தண்ணி பிடிச்சுக்கோ" என்று கூப்பிட்டான். எங்கள் குழுவில் அது யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அரை கிலோமீட்டர் தூரத்தில் கத்துகிற ஒரு குருவியின் குரலை வைத்தே பேர் சொல்லும் காதுகள் அவை.

திரும்பி வரும்போதுதான் அது நடந்தது. உள்வாயில் ஐந்தாறு நத்தைகுத்தி நாரைகள். மூடினாலும் நடுவில் இடைவெளி தெரிகிற அலகு. அந்த அலகால் நத்தையைப் பிடித்து ஓட்டுக்குள்ளிருந்து சதையைப் பிரித்தெடுக்கும் சாமர்த்தியத்தைக் குழுத்தலைவர் அழகாக விளக்கினார். 'உழவனின் நண்பன்' என்றார். கேமராக்கள் படபடத்தன. நாரைகளுக்கு நூறடி தள்ளி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மூன்று பெண்கள் குனிந்து அதே நத்தையைத்தான் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாரைகள் அவர்களைக் கண்டுகொள்ளவே இல்லை. எங்கள் ஆட்கள் கண்டுகொண்டார்கள்.

"சே, இதையும் திம்பாங்களா?" என்று ஒரு குரல். "பறவையோட சாப்பாட்டையும் விட்டுவைக்க மாட்டாங்க" என்று இன்னொன்று.

அந்த மூன்று பேரில் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏ தாயி! நீ எப்ப வந்த? அம்மா சொல்லவே இல்ல" என்று சத்தமாகக் கேட்டார். எங்கள் தெருப் பெரியம்மா.

ஒரு நொடி தயங்கினேன். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. அதுவரை அந்த வேனில் நான் மதுரையில் வேலை பார்க்கிற, உள்ளான்களைப் பிரித்துச் சொல்லத் தெரிந்த பெண். "சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்?" என்று காலையில் ஒருவர் கேட்டபோதுகூட, பேச்சை வாலாட்டியின் பக்கம் திருப்பித் தப்பித்திருந்தேன். இனி தப்பிக்க வழியில்லை. "நேத்துதான் பெரியம்மா" என்று சொல்லிவிட்டுச் சேற்றில் இறங்கிப் போய், அவர் சட்டியை எட்டிப் பார்த்தேன். முக்கால் சட்டி இருந்தது. திரும்பிக் கரையேறியபோது வேனில் பேச்சு குறைந்திருந்தது. எனக்கு ஜன்னலோர இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள், ரொம்ப மரியாதையாக.

அன்று ராத்திரி குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம். பெரியம்மா குனிந்திருக்கிறார், பின்னால் நாரை. 'பறவைகளின் உணவைக் கொள்ளையடிக்கும் மனிதர்கள்' என்று தலைப்பு. எடுத்துவிடுங்கள், கேட்காமல் எடுத்த படம் என்றேன். எடுத்தார்கள். ஆனால் கூடவே ஓர் அறிவுரை: "எல்லாத்துலயும் சாதியக் கொண்டுவராதீங்க. பறவைக்கு ஏது சாதி?"

பறவைக்குச் சாதி வைத்திருக்கிறார்கள், தோழர்களே. வானத்தைப் பாருங்கள். வெள்ளைத் தலையும் செம்மண் நிற உடம்புமாக வட்டமிடுகிறதே, நம் ஊரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், அதற்கு ஆங்கிலத்தில் 'பிராமினி கைட்'. அதே வானத்தில் கருத்த உடம்போடு சுற்றுகிற கள்ளப்பருந்துக்கு வெள்ளைக்காரர் காலத்திலிருந்து இருந்த பெயர் 'பரையா கைட்'. பறையர் என்ற நம் மக்களின் பெயரைத் திருகி ஆங்கிலம் தனக்கு ஒரு வசைச்சொல் செய்துகொண்டதே, அதே 'பரையா'. 1941இல் சலீம் அலி எழுதி, இந்தியாவில் பறவை பார்க்கிற தலைமுறைகளையே உருவாக்கிய புத்தகத்திலும் அந்தப் பெயர்தான் இருந்தது. இரண்டு பருந்தும் செத்த மீனையும் தின்கின்றன, குப்பையையும் கிளறுகின்றன. ஒன்று பிராமணன், ஒன்று பறையன். இப்போது 'பரையா' போய் 'கறுப்புப் பருந்து' ஆகிவிட்டது. 'பிராமினி' அப்படியே இருக்கிறது. எல்லோர் பட்டியலிலும் வாரம்தோறும் ஏறுகிறது. தமிழில் 'கள்ளப்' பருந்து என்பதும் ஒன்றும் சாதுவான பெயர் இல்லை. எளியதாகப் பார்த்துத் திருட்டுப்பட்டம் கட்டுவது நம் பழைய வழக்கம்.

சரி, பெயரை விடுங்கள். நத்தைக்கு வருவோம். நத்தையை உப்புப் போட்டு வேகவைத்து, முள்ளால் சதையைக் குத்தி எடுத்து, மஞ்சள் போட்டு அலசி, மிளகு சீரகம் அரைத்துவிட்டுக் குழம்பு வைப்பார் அம்மா. ஆடி, ஆவணியில் கூலி இல்லாமல் கிடந்துவிட்டு மழைக்காகக் காத்திருக்கும் வீட்டில் ஐப்பசி நத்தைதான் முதல் கறி. நாரை தின்றால் அது சூழலியல். நாங்கள் தின்றால் அருவருப்பு, அடுத்த கட்டமாகக் குற்றம். பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்த நாட்கள் எனக்கு உண்டு. இன்றைக்கு அதே அருவருப்பு 'பாதுகாப்பு' என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு மனுவாக வந்து நிற்கிறது.

மனுவில் என்ன இல்லை என்பதைப் பாருங்கள். வரத்துக்காலை அடைத்து நிற்கும் கட்டிடங்கள் இல்லை. உள்வாயை விழுங்கிவிட்ட சீமைக்கருவேலம் இல்லை. கலுங்குக்குப் பக்கத்தில் வந்து கலக்கிற சாக்கடை இல்லை. மீன்குஞ்சைக் காப்பாற்ற ஏலதாரரின் ஆட்கள் கூழைக்கடா மீதும் நீர்க்காகம் மீதும் வெடி போட்டு விரட்டுவது இல்லை. அந்த வெடிச்சத்தம் அன்று காலை எட்டு மணிக்கு எங்கள் எல்லோருக்கும் கேட்டது. இட்லி சாப்பிட்ட வாயால் அதை எழுத முடியவில்லை போலும். உயிருள்ள ஒரு கண்மாயை உண்மையில் கொல்கிற எதுவும் அதில் இல்லை. சேற்றில் கால் வைக்கிற பெண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவர் விளக்கினார். ஈரநிலங்களைக் காப்பதற்கான 2017ஆம் ஆண்டு விதிகள், பாசனத்துக்காக மனிதர்கள் வெட்டிய நீர்நிலைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் சுமார் 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஏறக்குறைய எல்லாமே மனிதர் வெட்டியவை. வெட்டிய கைகள் யாருடையவை என்று இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே சரணாலயம் கேட்கிறார்களாம். 1972ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயம் அமைக்க முனையும்போது, அந்த இடத்தில் உரிமை உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் எழுத்துமூலம் கலெக்டரிடம் கோர வேண்டும். ஏலதாரரிடம் ரசீது இருக்கிறது. ஆயக்கட்டு நிலக்காரர்களிடம் பட்டா இருக்கிறது. பெரியம்மாவிடம் ஒரு சட்டி இருக்கிறது.

மனுவை அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுவிட்டு, "வேலி போட்டா நாரை எப்படித் தாயி உள்ள போகும்?" என்றார். பறந்து போகும் பெரியம்மா என்றேன். "அப்ப நமக்குத்தான் வேலியா" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

இது ஏதோ எங்கள் ஊர்ப் பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். ராஜஸ்தானின் பரத்பூரில் கேவலாதேவ் என்று ஒரு சதுப்பு இருக்கிறது. பறவை பார்க்கிறவர்களின் காசி அது. அங்கே மகாராஜாக்களும் வைஸ்ராய்களும் வேட்டையாடிய கணக்கைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றைக்கும் போய்ப் படிக்கலாம். 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோவின் கூட்டம் ஒரே நாளில் சுட்டது 4,273 பறவைகள். 1956இல் சரணாலயம் ஆன பிறகும், 1972 வரை அங்கே சுடும் உரிமை பழைய மன்னருக்கு இருந்தது. அந்தக் கல்லை யாரும் கொள்ளைக்காரன் பட்டியல் என்று சொல்லவில்லை, பாரம்பரியம் என்கிறார்கள். அப்புறம் தேசியப் பூங்கா ஆனது. 1982இல் சுற்றுக் கிராமத்து மக்கள் எருமை மேய்க்கவும் புல் அறுக்கவும் தடை வந்தது. மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது, கிராமத்து மனிதர்கள் செத்தார்கள். அதோடு கதை முடியவில்லை. எருமைகள் போனதும் நீர்ப்புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை மூடிவிட்டது. மீன் குறைந்தது, வாத்துகளுக்கு இறங்க இடம் குறைந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து சொன்னது என்ன தெரியுமா? அந்தச் சதுப்புக்கு எருமை தேவை. இத்தனைக்கும் மேய்ச்சலை நிறுத்த வேண்டும் என்று முன்னால் சொன்ன அறிவியல் தரப்பும் அதுதான். சுடப்பட்டவர்களுக்கு அந்த ஆய்வறிக்கையால் என்ன பிரயோசனம்?

எங்கள் மனுவில் 'ஆடு மாடு மேய்ப்பதைத் தடை செய்ய வேண்டும்' என்ற வரியை எழுதியவர் பரத்பூருக்கு இரண்டு முறை போய் வந்தவர். நல்ல படங்கள் எடுத்திருக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகத் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியபோது பிரச்சினை என்னவாக இருந்தது? மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், பறவை குடிக்கலாம். தீண்டப்படாதவர் குடிக்கக் கூடாது. அன்றைக்கும் பறவைக்குத் தடை இல்லை. நம்மவர்கள் குடித்துவிட்டுப் போன பிறகு பஞ்சகவ்வியம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். நீர்நிலை என்பது இந்த நாட்டில் ஒருபோதும் வெறும் தண்ணீராக இருந்ததில்லை. அதன் கரையில் நின்றுகொண்டு சாதியைப் பேசாதே என்பவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதை நாம் பார்க்க வேண்டும்.

பறவை வேட்டை நடக்கவில்லையா என்று கேட்பீர்கள். நடக்கிறது. கண்ணி வைக்கிறார்கள், வலை கட்டுகிறார்கள், விஷம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். விஷம் வைப்பவனுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் பிடிபடுவது எப்போதும் கண்ணி வைத்தவன்தான். காரை நிறுத்தி ஜோடி என்ன விலை என்று கேட்டு வாங்கித் தின்றவன் படம் எந்த வாட்ஸ்அப் குழுவில் வந்திருக்கிறது? குருவி பிடித்ததாலேயே 'குருவிக்காரர்' என்று பேர் வாங்கிய ஒரு சமூகம், அந்தத் தொழிலைச் சட்டம் தடுத்த பிறகு ஊசி பாசி விற்றுத் தெருத்தெருவாக அலைந்தது. பழங்குடிப் பட்டியலில் சேர்ப்பதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேற 2022 டிசம்பர் ஆனது. ஐம்பது ஆண்டு! அதற்குள் அவர்களுக்குத் தெரிந்த பறவை அறிவை யார் போய்க் கேட்டு எழுதினார்கள்?

சலீம் அலியின் கதையை எல்லோரும் சொல்வார்கள். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. மாமா அதைக் கொடுத்து பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மில்லார்ட் என்ற வெள்ளைக்காரச் செயலாளர் அதட்டாமல் உள்ளே கூட்டிப்போய், அலமாரி அலமாரியாகப் பாடம் பண்ணிய பறவைகளைக் காட்டினார். அப்படிப் பிறந்தவர்தான் இந்தியாவின் பறவை மனிதர். அருமையான கதை, எனக்கும் பிடிக்கும். எங்கள் தெருவில் உண்டிவில்லோடு திரிந்த ஒவ்வொரு பையனுக்கும் பறவைகளின் கூடும் குரலும் வரும் மாதமும் தெரியும். அவனுக்கு ஒரு மாமா இருந்தார். அலமாரியைத் திறந்துகாட்ட மில்லார்ட்தான் இல்லை. என் தம்பிக்கு என் பழைய பைனாகுலரைக் கொடுத்தேன். ஒருநாள் பக்கத்து ஊர்க் கரையில் தனியாக நின்றிருக்கிறான். "எந்த ஊருடா, எந்தத் தெரு, பொம்பளைக குளிக்கிற எடத்துல என்னத்தப் பாக்குற?" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். அந்தப் பக்கம் படித்துறையே கிடையாது. வீட்டுக்கு வந்து பைனாகுலரை ஆணியில் மாட்டியவன், அப்புறம் எடுக்கவில்லை. 2020 மே 25 அன்று நியூயார்க் பூங்காவில் பறவை பார்க்கப் போன கிறிஸ்டியன் கூப்பர் என்ற கறுப்பின மனிதர், நாயைக் கட்டிப்போடச் சொன்னதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண் போலீசைக் கூப்பிட்டாள். அந்தக் காணொளியைத் தம்பிக்குக் காட்டினேன். "இவருகிட்ட வீடியோ இருந்துச்சு" என்றான். அடுத்த வாரமே அங்கே கறுப்பினப் பறவை ஆர்வலர்கள் தங்களுக்கென்று ஒரு வாரத்தை அறிவித்துக் கூடினார்கள். அந்தச் செய்தியைச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அதனால் நாங்கள் வேறொரு மனு எழுதியிருக்கிறோம். வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடு. சாக்கடையைத் திருப்பு. கருவேலத்தை வெட்டும் வேலையை நூறு நாள் வேலையில் எங்கள் பெண்களுக்குக் கொடு. வலசைக் காலத்தில் வெடி போடக் கூடாது என்று மீன் ஏல நிபந்தனையில் சேர். அந்த ஏலத்தில் எங்கள் தெருவும் நிற்க வழி செய். நத்தை எடுக்கும் உரிமையை ஊராட்சிப் பதிவேட்டில் எழுது. பறவைக் குழுவில் மூன்று பேர் இதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர், "இதையும் திம்பாங்களா" என்று கேட்ட அதே ஆள். அவராகவே வந்து போட்டார். நான் எதுவும் கேட்கவில்லை, அவரும் எதுவும் சொல்லவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரோடு அதே கண்மாய்க்குப் போகிறேன். தம்பி வருகிறானா என்று இன்னும் தெரியவில்லை, பைனாகுலரைத் துடைத்து வைத்திருக்கிறான். நீர்ப்பாய்ச்சி தாத்தாவுக்கு இ-பேர்டில் கணக்குத் தொடங்கியாகிவிட்டது. தன் பேரை எழுத்துக் கூட்டி அவரே படித்துப் பார்த்துக்கொண்டார். பெரியம்மாவையும் கூப்பிட்டேன். அன்றைக்கு நத்தை நல்ல விலைக்குப் போனால் வர முடியாதாம்.